பால் டின்னைத் திருப்பி வைத்த கதை: உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததா?

தண்டையார்பேட்டை_அம்மா
மூன்று வருடம் ஆச்சு, இன்னும் மனசை அரிக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். பெரியவளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க டெக்சாஸ் போயிருந்தேன். மாப்பிள்ளை எச்-1பி வேலை விசாவில் இருந்தார். பேரன் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, வேலை போச்சு. 60 நாளுக்குள் வேறு கம்பெனி பிடிக்கணும், இல்லையென்றால் பெட்டி கட்டணும், உங்களுக்குத் தெரியாததா. மகளுக்குப் பால் போதவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லி 'விக்' என்ற அரசாங்க உணவு உதவி அட்டை வாங்கி வைத்திருந்தாள். பால் பவுடர், முட்டை எல்லாம் அதில் கிடைக்கும்.

அன்றைக்குக் காலையில்தான் எதிர்வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், அங்கே அரசாங்க உதவி ஒரு டாலர் வாங்கினாலும் கிரீன் கார்டு கிடையாதாம் என்று. அவர் மகன் டல்லாஸில் இருக்கிறான், தெரியாமலா சொல்வார் என்று நம்பிவிட்டேன். பில் போடும் இடத்தில் மகள் அட்டையை எடுக்கும்போது கையைப் பிடித்தேன். "வேணாம்டி, நாளைக்கு இதுவே வினையா வந்து நிக்கும்." அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மூன்று டின்னையும் தூக்கிக்கொண்டு போய் அதே அலமாரியில், பெயர் முன்னால் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வைத்தாள். ஒன்றை மட்டும் பிறகு காசு கொடுத்து எடுத்தோம். அன்று ராத்திரி பார்க்கிறேன், நாலு கரண்டி போட வேண்டிய தண்ணீருக்கு மூன்று கரண்டிதான் போடுகிறாள். பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

52-ஆம் நாள் வேலை கிடைத்தது, அது வேறு கதை. போன வருடம் ஏதோ விஷயமாக வக்கீலிடம் பேசும்போது மகள் இதையும் கேட்டிருக்கிறாள். கிரீன் கார்டுக்கு விக் எந்தக் காலத்திலும் கணக்கில் வந்ததே இல்லை, அதுவும் பிள்ளை அமெரிக்கக் குடிமகன், அவன் குடித்த பால் உங்கள் கணக்கில் எப்படி வரும் என்றாராம்.

ராயபுரம்_ஹார்பர்
எனக்கு மும்பையில் அமெரிக்க விசா இன்டர்வியூ. மகன் அமெரிக்காவில் குடியுரிமை வாங்கி எங்கள் இரண்டு பேருக்கும் ஸ்பான்சர் பண்ணினான். சொந்த டாக்சி ஓட்டுகிறான், கையில் வருவது ஒன்று, வரிக் கணக்கில் செலவெல்லாம் கழித்துக் காட்டுவது ஒன்று. அவன் வீட்டில் நாலு பேர், எங்களோடு ஆறு. ஆறு பேர் குடும்பத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் வறுமைக்கோட்டில் 125 சதவீதம் வருமானம் இருக்கணுமாம், அது வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பக்கத்தில் தமிழ் பேசும் ஒரு அம்மா. "ஐயா, நீங்க அங்க போய் அரசாங்கத்துக்குச் சுமையா ஆயிடுவீங்களோன்னு கேக்கறாரு" என்றார். சுமை என்ற சொல்லை அப்படியே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முப்பத்தெட்டு வருசம் ஹார்பர்ல நான்தாம்மா சுமை தூக்கினேன்" என்றேன். அதை அந்த அம்மா இங்கிலீஷில் சொல்லவே இல்லை. 221(ஜி) என்று ஒரு தாளைத் தள்ளினார்கள், இப்போதைக்கு விசா இல்லை என்று அர்த்தம். அப்புறம் சிகாகோவில் இருக்கும் அக்கா மகன் கூட்டுக் கையெழுத்துப் போட்டு, நாலு மாதம் கழித்து விசா வந்தது. அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அக்கா வீட்டுக்காரர் எங்களோடு முன்னே மாதிரி பேசுவதில்லை.

வியாசை_பையன்
தண்டையார்பேட்டை அக்கா எழுதியது பாதிதான் சரி. எதிர்வீட்டு அக்காவைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அவர் காற்றில் கயிறு திரிக்கவில்லை. 2019-இல் டிரம்ப் ஆட்சியில் கிரீன் கார்டுக்கான விதியை மாற்றினார்கள், 2020 பிப்ரவரி 24 முதல் அமலுக்கு வந்தது, உணவு உதவி, அவசரத்துக்கு அல்லாத மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவ உதவி, வாடகை உதவி எல்லாம் கணக்கில் வந்தது, 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வாங்கியிருந்தால் சிக்கல். நானே அந்தச் சமயத்தில்தான் ஐ-944 என்ற படிவத்தை நிரப்பினேன். வங்கிக் கணக்கு, கடன் மதிப்பெண், காப்பீடு, டிகிரி சர்டிபிகேட் வரை கேட்டார்கள், எல்லாம் சேர்த்துத் தலையணை மாதிரி ஒரு கட்டு. அந்தக் கட்டின் நகல் இன்னும் என் பீரோவுக்கு மேலே இருக்கிறது. 2021 மார்ச்சில் விதியே போச்சு, படிவமும் போச்சு.

இப்போது உள்ளது 2022 டிசம்பர் 23-இல் வந்த விதி. அதில் பார்ப்பது இரண்டுதான்: வாழ்க்கைச் செலவுக்கென்று ரொக்கமாக வாங்கும் உதவி, அரசு செலவில் நீண்டகாலம் ஒரு பராமரிப்பு நிலையத்தில் கிடப்பது. ஆனால் 2025 நவம்பரில் இதையும் நீக்கப்போவதாக முன்மொழிவு வெளியிட்டிருக்கிறார்கள், அதனால் போன வருடம் வக்கீல் சொன்னது, மூன்று வருடம் முன்பு எதிர்வீட்டு அக்கா சொன்னது எதையும் அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். சட்டம் ஒன்றும் புதிது இல்லை, 1882-லேயே 'பொதுச் சுமை' என்ற சொல் உள்ளே வந்துவிட்டது, ஹார்பர் ஐயா கேட்ட சொல் அதுதான். வயது, உடல்நிலை, குடும்பம், சொத்து, படிப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

ஐயா இன்னொன்று, கூட்டுக் கையெழுத்து என்பது சும்மா சாட்சிக் கையெழுத்து இல்லை. நீங்கள் குடியுரிமை வாங்கும் வரையோ, 40 காலாண்டு வேலை கணக்கு சேரும் வரையோ அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு இருக்கிறது. இடையில் நீங்கள் அரசு உதவி வாங்கினால் அவரிடம் திருப்பிக் கேட்க முடியும். உங்கள் மச்சான் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. அப்புறம், கையில் கிரீன் கார்டு வந்துவிட்டால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சோதனை கிடையாது. ஒரே ஒரு பொறி உண்டு: 180 நாளுக்கு மேல் தொடர்ச்சியாக வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால் புதிதாக உள்ளே வருகிறவர் கணக்கில் வைத்து எல்லாக் கேள்வியையும் மறுபடி கேட்கலாம். நம்ம ஊர்ப் பெரியவர்கள் பொங்கலுக்கு வந்து தீபாவளி வரை இருந்துவிடுவார்கள், அங்கேதான் மாட்டுவது.

கொருக்குப்பேட்டை_கேட்
தம்பி, அக்கா அனுபவம் கேட்டாங்க. நீங்க டியூஷன் எடுக்கிறீங்க.

பெரம்பூர்_டு_ஈஸ்ட்ஹாம்
லண்டன் கதை வேறு. இங்கே விசா அட்டையிலேயே பொடி எழுத்தில் 'பொது நிதி கிடையாது', அதாவது அரசு உதவிப் பணம் வாங்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது, நான் வாங்கிய நாளிலிருந்து அதைப் படித்ததே இல்லை. மகள் பிறந்தபோது பிரசவ வார்டில் கொடுத்த பையில் குழந்தை உதவித்தொகைப் படிவம் இருந்தது, ஆஸ்பத்திரியே கொடுக்கிறதே என்று நிரப்பிப் போட்டோம், பணமும் வந்தது. ஏழு மாதம் கழித்து என்னோடு வேலை செய்யும் மலையாளி சிஸ்டர்தான் அட்டையைக் கையில் வாங்கி அந்த வரியை விரலால் காட்டினார். உடனே போன் பண்ணி ஒப்புக்கொண்டு எல்லாத்தையும் திருப்பிக் கட்டினோம். நிரந்தர வசிப்புக்குப் போடும்போது வக்கீல் "பொது நிதி ஏதாவது?" என்று கேட்டார், நாங்கள் சொல்லச் சொல்ல அவர் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார். கடைசியில் கிடைத்தது. ஆனால் அந்தப் பேனா மூடிய சத்தம் இருக்கிறதே! என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையில் பார்க்கும் வைத்தியம் இந்தக் கணக்கில் வராது, அதற்குத்தான் விசாவோடு வருடத்துக்கு 1,035 பவுண்டு முன்கூட்டியே கறந்துவிடுகிறார்கள்.

காவாங்கரை_84
நான் புழல் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவன். 2021-க்கு அப்புறம் பலகையில் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி எழுதினார்கள், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் ஆக்கினார்கள். உதவி வாங்கினால் அந்தஸ்து போய்விடும் என்று நீங்கள் எல்லாரும் பயப்படுவதைப் படிக்க விநோதமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பா அந்தப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டே கிழவராகிவிட்டார், குடியுரிமைப் பேச்சு மட்டும் வரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. அக்கா, உங்கள் பேரன் இப்போது நன்றாக இருக்கிறானா?

தண்டையார்பேட்டை_அம்மா
இருக்கிறான் தம்பி, நன்றாகச் சாப்பிடுகிறான். மகள் இதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. வியாசைத் தம்பிக்கு: நான் எதிர்வீட்டு அக்காவைத் திட்டவே இல்லை, மறுபடி படித்துப் பாருங்கள். கையைப் பிடித்தது நான்.

ராயபுரம்_ஹார்பர்
வியாசைத் தம்பி, அந்த 180 நாள் விஷயம் எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போதுதான் காலண்டரை எடுத்து எண்ணினேன். நானும் வீட்டுக்காரியும் ராயபுரம் வந்து 163 நாள் ஆகிறது. அடுத்த மாதம் தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து வேறு இருக்கிறது. டிக்கெட்டை முன்னாடி போட்டுவிடவா?