புதுப்பிப்பு: தரவு ஆளுகையை எங்கிருந்து தொடங்கினோம்

இலங்கையின் ஹட்டனிலுள்ள எங்கள் தோட்டத் தொழிலாளர் நலன்புரி அமைப்பில் தரவு ஆளுகையை (எந்தத் தரவுக்கு யார் பொறுப்பு, யார் திருத்தலாம் என்ற ஒழுங்கை) எல்லாக் கிளைகளிலும் ஒரேயடியாகப் புகுத்துவதா, ஒரு கிளையில் தொடங்கிப் படிப்படியாக விரிப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன், இரண்டாவதையே தேர்ந்தோம். அங்கத்தவர் பதிவேட்டைத் திறந்தபோது, ஒரே அம்மா 9 இலக்கங்களும் ‘வீ’ எழுத்தும் கொண்ட பழைய அடையாள அட்டை எண்ணில் ‘இராமாயி’ என்றும், 12 இலக்கப் புதிய எண்ணில் ‘ராமாய்’ என்றும் இரண்டு பேராக இருந்தார். திருத்தும் பொறுப்பைக் கணினிப் பிரிவிடம் விட நினைத்தது என் தவறு. ஆளை அறிந்தவர் களப் பதிவாளர் என்பதால் பொறுப்பை அவருக்கே கொடுத்து, மாற்றங்களுக்கு மட்டும் இரண்டாவது ஒப்புதலை வைத்தோம். புதிய மென்பொருள் இப்போதைக்கு இல்லை (விற்க வந்தவருக்கு வருத்தந்தான்). 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கருத்திற்கொண்டு, மருத்துவ விவரங்களைத் தனியே பிரித்துவிட்டோம். அடுத்தது பொகவந்தலாவைக் கிளை.