தேனும் பழச்சாறும்: ஒரு ஜாடி அசையவே இல்லை, இன்னொன்று நாறுகிறது

சாம்பியன்ரீஃப்_மகன் (அல்சூர், பெங்களூரு):

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மா கே.ஜி.எஃப். (கோலார் தங்க வயல்) சாம்பியன் ரீஃபில் பிறந்து வளர்ந்தவர். நவம்பர் வந்தால் கருப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை எல்லாம் பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்துவிடுவார். 21ஆம் நாள் வடிகட்டுவார். கிறிஸ்துமஸ் அன்று கேக்கோடு ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ். 2001ல் சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூரு வந்தோம், ஜாடியும் கூடவே வந்தது. அம்மா தவறி இரண்டு வருடம் ஆகிறது.

இந்த முறை மைத்துனர் குடகிலிருந்து இரண்டு கிலோ தேன் கொண்டுவந்தார். சர்க்கரைக்குப் பதில் அதைப் போட்டு, பழச்சாறோடு சீக்கிரம் தயாராகும் மீட் (தேனைப் புளிக்கவைத்துச் செய்யும் மது) செய்து, பண்டிகைக்கு அம்மா படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் வைக்க ஆசை.

இரண்டு ஜாடி போட்டேன். ஒன்று கண்ணாடி: கடையில் பாட்டிலில் விற்கிற ஆப்பிள் ஜூஸ் 2 லிட்டர், தேன் அரை கிலோ, பேக்கரி ஈஸ்ட் ஒரு டீஸ்பூன். ஐந்து நாளாக ஒரு குமிழிகூட இல்லை. மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம் ஈஸ்ட் போட்டும் பார்த்தேன்.

இன்னொன்று அம்மாவின் ஜாடி: ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கிய கொட்டைத் திராட்சை, பெங்களூரு புளூ என்றார் கடைக்காரர். பிழிந்த சாறு 3 லிட்டர், தேன் 1 கிலோ, அதே ஈஸ்ட். மறுநாளே நுரைத்துப் பொங்கியது. இன்று ஆறாம் நாள். நுரை அடங்கிவிட்டது, ஆனால் திறந்தால் அழுகிய முட்டை வாடை. நாக்கில் வைத்தால் இன்னும் திகட்டத் திகட்டத் தித்திப்பு.

கெட்டுப்போய்விட்டதா? மெத்தனால் என்கிற விஷச் சாராயம் வந்துவிடும், கண் போய்விடும் என்று மனைவி பயப்படுகிறாள். அவளுக்கு என்ன சொல்வது? இரண்டு வாரத்தில் பாட்டிலில் அடைத்து மூடலாமா?

கம்மனஹள்ளி_வாசி:

ஆப்பிள் ஜூஸ் பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருட்களின் எண்) 202 அல்லது 211 என்று இருக்கிறதா பாருங்கள். 202 பொட்டாசியம் சார்பேட், 211 சோடியம் பென்சோயேட். ஜூஸ் புளிக்காமல் இருப்பதற்காகவே போடுகிறார்கள். இவற்றில் எது இருந்தாலும் ஈஸ்ட் பெருகுவது கஷ்டம், நீங்கள் மறுபடி போட்ட ஈஸ்டும் வீண்தான். ஐந்து நாள் வெளியில் இருந்ததைக் குடிக்கவும் வேண்டாம். அடுத்த முறை பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்கவில்லை என்று அச்சிட்ட டெட்ரா பேக் வாங்குங்கள், இல்லையென்றால் வீட்டிலேயே பிழியுங்கள்.

ஒயிட்ஃபீல்டு_வேதியியல்:

அண்ணா, திராட்சை ஜாடி கெடவில்லை, ஈஸ்டுக்குப் பசி. தேனில் சர்க்கரைதான் ஏறக்குறைய 80 சதவீதம், நைட்ரஜன் இல்லை என்றே சொல்லலாம். அந்தச் சத்துக்கு ஏங்கும் ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும், அதுதான் முட்டை வாடை. ஒரு ஸ்பூன் பேக்கரி ஈஸ்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சாகடித்து, ஆறியதும் ஊற்றினால் உயிரோடு இருக்கிற ஈஸ்டுக்கு அதுவே சாப்பாடு. ஆரம்ப நாட்களில் தினமும் கிளறிவிட்டால் வாயுவும் வெளியேறும். உங்கள் அம்மா போட்ட ஒரு பிடி கோதுமையைச் சடங்கு என்று நினைக்காதீர்கள், அதிலும் கொஞ்சம் சத்து இறங்கும்.

தித்திப்புக்குக் காரணம் கணக்கு. 3 லிட்டர் திராட்சைச் சாற்றில் சுமார் 450 கிராம் சர்க்கரை, ஒரு கிலோ தேனில் 800 கிராம். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை ஏறக்குறைய 1 சதவீதம் ஆல்கஹால் தரும். நீங்கள் போட்டது முழுக்கப் புளித்தால் 20 சதவீதத்தைத் தொடும், பேக்கரி ஈஸ்ட் அதற்கு வெகு முன்பே படுத்துவிடும். சீக்கிரம் வேண்டுமென்றால் தேனைக் குறைக்க வேண்டும். 2 லிட்டர் சாறு, 2 லிட்டர் தண்ணீர், 300 கிராம் தேன் என்று போட்டால் 7 சதவீதத்தை ஒட்டி நிற்கும், இரண்டு மூன்று வாரத்தில் தெளியும். தேனைக் கொதிக்கவிடாதீர்கள், குடகுத் தேனின் வாசனை முழுக்க ஆவியோடு போய்விடும்.

மெத்தனால் பற்றி அண்ணியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணம் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்து விற்பது. காய்ச்சி வடிக்காமல் வெறுமனே புளித்த பழச்சாற்றில் இருப்பது மிகச் சொற்பம்.

பாட்டில் விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. போன மே மாதம் நான் பத்தாம் நாளே கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடிவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு வெடித்து, சமையலறைச் சுவரெல்லாம் சில்லு. குழந்தை அங்கே இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், சாற்றின் அடர்த்தியை வைத்து இன்னும் சர்க்கரை புளிக்கிறதா என்று காட்டும் கருவி அது. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்து அளவு மாறாமல் இருந்தால்தான் மூடலாம். அதுவரை மூடியில் துளை போட்டு, ஒரு டியூபின் மறுமுனையைத் தண்ணீர்க் கிளாஸில் விட்டுவையுங்கள்.

ஜீவன்பீமாநகர்_அக்கா:

தம்பி, அம்மாவின் ஜாடி என்பதால் சொல்லவே மனம் வரவில்லை. பழைய பீங்கானின் மெருகில் ஈயம் இருக்கலாம். உப்பு கொட்டி வைத்தால் வேறு. புளிக்கிற சாறு வாரக்கணக்கில் நின்றால் ஈயத்தை இழுத்துக்கொள்ளும், கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. எந்தக் காலத்து ஜாடி என்று தெரியாவிட்டால் அதில் இருப்பதை நான் குடிக்க மாட்டேன். கண்ணாடிக்கு மாறிவிடுங்கள்.

இன்னொன்று. கர்நாடக ஆயத்தீர்வைச் சட்டம் 1965ன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது. கிறிஸ்துமஸ் வைன் பல வீடுகளில் வழக்கம்தான், ஆனாலும் ஆயத்தீர்வை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மீட் எப்படி இருக்கும் என்று ருசி பார்க்க மட்டும் என்றால் புனேயில் மூன்ஷைன், நாசிக்கில் செரானா என்று உரிமத்தோடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இது புதிதும் இல்லை. மூங்கில் குழாயில் ஊற்றி விளையவைத்த தேன் தேறலை (தெளிந்த மதுவை)ச் சங்கப் பாட்டிலேயே பாடியிருக்கிறார்கள்.

சாம்பியன்ரீஃப்_மகன்:

பாட்டிலில் 211 இருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை.

அக்கா, ஜாடி பாட்டி காலத்தது, அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. அதில் இருந்ததைச் சற்று முன்தான் சிங்க்கில் கொட்டினேன். திராட்சை நிறம் போகும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன், கஷ்டமாகத்தான் இருந்தது. கழுவித் துடைத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். தேன் அரை கிலோ மிச்சம் இருக்கிறது, 300 கிராம் கணக்குக்குப் போதும். திங்கட்கிழமை ஆயத்தீர்வை அலுவலகம் போய் விசாரிக்கிறேன். சரி என்றால் கண்ணாடி ஜாடியில், ஒரு பிடி கோதுமையும் போட்டு ஆரம்பிக்கிறேன். இல்லையென்றால் அந்தத் தேன் அப்படியே கேக்குக்குள் போகும், அம்மா படத்துக்கு முன்னால் திராட்சைச் சாறு வைப்பேன்.