ஐந்து வகை, ஐந்து மணி நேரம், வீட்டு அடுப்பு: எந்த வரிசையில் சமைப்பது?

புதுக்கரண்டி:
ஓட்டல் கிச்சனிலிருந்து வீடுகளுக்குப் போய்ச் சமைக்கும் வேலைக்கு மாறுகிறேன். வாரத்தில் ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போய், ஐந்து இரவுகளுக்கான சாப்பாட்டைச் சமைத்து டப்பாவில் போட்டுவைத்துவிட்டு வர வேண்டும். நான்கு பேர், ஐந்து வகை. கழுவித் துடைப்பது உட்பட மொத்தம் ஐந்து மணி நேரம்.

அடுப்பில் நான்கு பர்னர், அதில் ஒன்று ரொம்பச் சின்னது. ஓவன் ஒன்று. சாதாரண வீட்டு பிரிட்ஜ், மேலே ஃப்ரீசர். வீட்டில் ஒரு குழந்தைக்கு முட்டையும் வேர்க்கடலையும் ஒத்துக்கொள்ளாது.

பேசி முடித்த பட்டியல்: கிரீம் சேர்த்த காய்கறி சூப், எலும்பில்லாத ஆட்டிறைச்சி 1 கிலோவில் குழம்பு, ஓவனில் சுட்ட கோழித்தொடை, ஓவனில் சுட்ட மீன், சீஸ் போட்ட பேக்டு பாஸ்தா.

எதில் தொடங்கி எதில் முடிப்பது? எது எத்தனை நாள் தாங்கும்? ஒவ்வாமைக்கு என்னென்ன கவனிக்க வேண்டும்? கூலியை எப்படிக் கணக்குப் போடுவது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அடுப்படி:
முதல்ல பட்டியலைப் பாருங்க. ஐந்தில் மூணு ஓவனுக்குப் போகுது. அங்கேதான் நேரம் மாட்டிக்கும். வீட்டு ஓவன் கதவைத் திறந்தா சூடு சட்டுனு இறங்கும், மறுபடி ஏற நேரம் எடுக்கும். மூணு வேற வேற சாமானை மாத்தி மாத்தி உள்ளே வைக்கிற திட்டம் ஓட்டல் ஓவனுக்குச் சரி, இதுக்கு ஒத்துவராது.

பட்டியலை மாத்த வேண்டாம், செய்ற விதத்தை மாத்துங்க.

மீனை நீங்க சுடவே வேண்டாம். சுட்ட மீனை மறுபடி சூடு பண்ணினா காய்ஞ்சு போகும், வீடெல்லாம் வாசம். பங்கு போட்டு, உப்பு, எண்ணெய், மூலிகை தடவி, பச்சையா ஒரு தட்டில் அடுக்கி மூடி, பிரிட்ஜோட கீழ்த்தட்டில் வச்சுட்டு வாங்க. அன்னைக்கு ராத்திரியே அவங்க சுட்டுக்கணும். இரண்டரை சென்டிமீட்டர் கனம்னா 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிஷம், நடுவில் 63 டிகிரி. எலுமிச்சைச் சாறை மட்டும் முன்கூட்டித் தடவாதீங்க. மணிக்கணக்கில் புளிப்பில் ஊறினா மேல்பகுதி வெளுத்து மாவா போயிடும். பழத்தை நறுக்கித் தனியா வைங்க.

பாஸ்தாவையும் நீங்க பேக் பண்ண வேண்டாம். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடியே வடிச்சு, குளிர்ந்த தண்ணியில் ஒரு தடவை அலசி, ஆறின சாஸோட கலந்து, சீஸ் தூவி, மூடி வச்சிடுங்க. சாஸ் வழக்கத்தைவிடக் கால் பங்கு அதிகமாவும் தளர்வாவும் இருக்கணும், ஏன்னா வச்சிருக்கும்போதே பாஸ்தா ஈரத்தை உறிஞ்சும். அவங்க 190 டிகிரியில் ஃபாயில் மூடி 30 நிமிஷம், திறந்து 10 நிமிஷம் வைக்கணும்.

இப்போ ஓவனுக்கு மிஞ்சினது கோழி மட்டும்தான்.

நேரக்கணக்கு, எல்லாம் நீங்க உள்ளே போன நேரத்திலிருந்து எண்ணுறது. முதல் 20 நிமிஷம் அடுப்பைத் தொடாதீங்க. சாமானை இறக்கி, மேடையைத் துடைச்சு, பிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கான்னு உங்க தெர்மாமீட்டரை வச்சுப் பாருங்க. ஓவனுக்குள்ளயும் ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிடுங்க. வீட்டு ஓவன்ல முள் காட்டுறது ஒண்ணு, உள்ளே இருக்கிறது வேறயா இருக்கும், 15, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

20-வது நிமிஷம் ஆட்டிறைச்சி. ஈரம் ஒத்தி, பெரிய பர்னரில் மூணு தடவையாப் பிரிச்சு வறுங்க. வீட்டுப் பர்னருக்கு வேகம் குறைவு. ஒரு கிலோவையும் ஒண்ணாக் கொட்டினா தண்ணி விட்டு அதிலேயே வெந்து சாம்பல் நிறத்தில் நிக்கும், சிவக்காது. 50-வது நிமிஷம் குழம்பு கொதிக்க ஆரம்பிச்சிருக்கணும். அதைச் சின்ன பர்னருக்கு மாத்திடுங்க, அந்தப் பர்னர் இதுக்குத்தான் லாயக்கு. ரெண்டு மணி நேரம் அதுபாட்டுக்கு வேகும்.

அது வேகும்போது மொத்த வெங்காயம், பூண்டு, காய் எல்லாத்தையும் ஒரே மூச்சில் நறுக்கிடுங்க, ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியா நறுக்காதீங்க. ஒரு மணியில் சூப்பும் பாஸ்தா சாஸும் அடுப்பேறணும். ஒண்ணரை மணிக்குப் பச்சைக் கோழியை எடுங்க, அதுவரை பிரிட்ஜை விட்டு வெளியே வரக்கூடாது. எலும்போட தொடைன்னா 200 டிகிரியில் 35 முதல் 40 நிமிஷம். பாதுகாப்புக்கு 74 டிகிரி போதும், ஆனா தொடை 80 தாண்டினாதான் எலும்பை ஒட்டின சதை மெதுவாகும். ரெண்டே காலுக்குள்ள ஓவன் அணைஞ்சிடும். பாஸ்தா வடிக்கிறது அதுக்கப்புறம்.

மூணேகால் மணிக்கு எந்த அடுப்பும் எரியக்கூடாது. மீதி ஒண்ணேமுக்கால் மணி நேரமும் ஆற வைக்க, லேபிள் ஒட்ட, கழுவ. ஓட்டலிலிருந்து வர்றவங்க நாலரை மணி வரை சமைச்சுட்டு, ஆவி பறக்கிற டப்பாவை மூடி பிரிட்ஜில் தள்ளிட்டுக் கிளம்புறாங்க. இந்தத் தொழிலில் பெரிய ஆபத்தே அதுதான்.

வெப்பமானி:
ஆற வைப்பது பற்றி அடுப்படி சொன்னதை விரித்து எழுதுகிறேன்.

சமைத்த உணவு 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அங்கிருந்து 5 டிகிரிக்கு வர மேலும் நான்கு மணி நேரம் அனுமதி உண்டு. முதல் கட்டம் ஏன் இவ்வளவு இறுக்கம் என்றால், கிருமிகள் மிக வேகமாகப் பெருகும் வெப்பம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஓட்டலில் இதற்கென்றே குளிரூட்டும் இயந்திரம் இருக்கும். வீட்டு பிரிட்ஜ் ஏற்கெனவே குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்கும் பெட்டி, அவ்வளவுதான். கொதிக்கும் பாத்திரத்தை வைத்தால் அதுவும் ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் சூடேறும்.

உங்கள் சூப்பும் குழம்பும் சேர்ந்து சுமார் 4 கிலோ வரும். 90 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஐஸை மட்டும் நம்பி இறக்கினால் ஏறக்குறைய 3 கிலோ ஐஸ் வேண்டும். அவ்வளவு ஐஸ் எந்த வீட்டு ஃப்ரீசரிலும் கிடைக்காது. அதனால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் சிங்க்கை அடைத்துக் குழாய்த் தண்ணீர் நிரப்பி அதில் பாத்திரத்தை நிறுத்துங்கள். கிளறிக்கொண்டே இருந்து, தண்ணீர் சூடேறியதும் ஒரு முறை மாற்றுங்கள். 40 டிகிரி வரை தண்ணீரே இறக்கிவிடும். அதன் பிறகு ஐஸ் போட்டால் ஒரு கிலோ போதும். அதைக் குளிர்ப்பெட்டியில் நீங்களே கொண்டுபோய்விடுங்கள்.

சூப்புக்கு இன்னொரு வழி உண்டு. தண்ணீரைக் கால் பங்கு குறைத்துக் கெட்டியாகச் சமைத்து, அரைத்த பின் அந்தக் கால் பங்கைக் குடிநீர் ஐஸாகப் போடுங்கள். 90 டிகிரியில் இருந்த சூப் சில நிமிடங்களில் 50-க்குக் கீழே வந்துவிடும். உப்பை அதன் பிறகு பார்த்துச் சரிசெய்யுங்கள்.

குழம்பை ஆழப் பாத்திரத்தில் விடாமல் அகலத் தட்டுகளில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். கோழியை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கம்பித்தட்டில் வையுங்கள். எதையுமே சூடாக இருக்கும்போது மூடக் கூடாது. மூடினால் ஆவி நீராகித் திரும்பச் சொட்டும், கோழித்தோல் நைந்துபோகும்.

நாள் கணக்கு: சமைத்தவை பிரிட்ஜில் மூன்று முதல் நான்கு நாள். ஐந்தாம் நாளுக்குரியது கட்டாயம் ஃப்ரீசருக்குப் போக வேண்டும், நான்காம் நாளுக்குரியதையும் அங்கே வைப்பதே நல்லது. இந்தப் பட்டியலில் முதல் இரவு மீன், இரண்டாவது கோழி, மூன்றாவது சூப், நான்கும் ஐந்தும் குழம்பும் பாஸ்தாவும். குழம்பில் உருளைக்கிழங்கு போடாதீர்கள், உறைந்து இளகினால் மணல்போல ஆகிவிடும். சூப்பை உறைய வைப்பதாக இருந்தால் கிரீம் சேர்க்காமல் வையுங்கள், இல்லையென்றால் திரிந்து பிரியும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், எனவே டப்பாவில் மேலே 2 சென்டிமீட்டர் இடம் விடுங்கள்.

லேபிளில் பெயரும் தேதியும் மட்டும் எழுதினால் போதாது. எப்போது ஃப்ரீசரிலிருந்து பிரிட்ஜுக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் முக்கியமான வரி. ஒரு லிட்டர் கட்டி பிரிட்ஜில் இளக ஒரு முழு நாள் ஆகும். “முந்தின இரவே பிரிட்ஜில் எடுத்து வைக்கவும், நடுவில் 74 டிகிரி வரும்வரை சூடாக்கவும்” என்று எழுதிவிடுங்கள்.

கடலைமாவு:
ஒவ்வாமை பற்றி.

குழந்தைக்கு மட்டும் தனியாகச் சமைக்கும் யோசனை வேண்டாம். ஐந்து வகையிலும் முட்டையும் வேர்க்கடலையும் இல்லாமல் இருக்கட்டும். உங்கள் பட்டியலில் அது எளிது. ஆனால் முட்டை ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு: புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும், காய்ந்த பாஸ்தாவில் பல சமயம் கோதுமை ரவை மட்டும்தான். மயோனைஸ், சில ரொட்டித்தூள், பளபளப்பாகச் சுட்ட ரொட்டியின் மேல்பூச்சு, சில சீஸ்களில் சேர்க்கும் முட்டைப் புரதம் இவற்றையும் பாருங்கள். போன முறை வாங்கிய அதே பிராண்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள், சொல்லாமல் மாற்றிவிடுவார்கள்.

அந்த வீட்டில் ஏற்கெனவே திறந்திருக்கும் ஜாடிகளைத் தொடாதீர்கள். வேர்க்கடலை வெண்ணெய் தடவிய கத்தியை யாராவது ஜாமிலோ வெண்ணெயிலோ விட்டிருக்கலாம். வெண்ணெய், மசாலா, எண்ணெய் எல்லாம் நீங்கள் புதிதாக வாங்கிய பாக்கெட்டிலிருந்தே.

சூடாக்கினால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். கையில் தடவும் ஆல்கஹால் ஜெல்லும் கிருமியைக் கொல்லுமே தவிர வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது. சோப்பு, ஓடும் தண்ணீர், தேய்த்துக் கழுவுதல், இதுதான் நம்பகமான வழி. மரக்கரண்டி, கீறல் விழுந்த நான்ஸ்டிக், துளைச் சல்லடை இவற்றில் ஒட்டியிருப்பது கழுவினாலும் முழுதாகப் போகாது, எனவே உங்கள் சொந்தச் சாமான்களைக் கொண்டுபோங்கள்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: எது ஒவ்வாது, எவ்வளவு பட்டாலே ஆபத்து, அவசர ஊசி வீட்டில் எங்கே இருக்கிறது, மரக்கொட்டைகளும் எள்ளும் சாப்பிடலாமா. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பலருக்கு பாதாம், முந்திரி போன்றவையும் ஒத்துக்கொள்வதில்லை. கேட்காமல் ஊகிக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
கூலியைச் சாப்பாட்டு வகைக்கு இவ்வளவு என்று சொல்லாதீங்க. அடுத்த வாரம் அதே விலையில் ரெட்டிப்பு வேலை உள்ள வகையைக் கேட்பாங்க, மறுக்க வழி இருக்காது. ஒரு சமையல் நாளுக்கு இவ்வளவு என்று சொல்லுங்க.

அந்த நாள் ஐந்து மணி நேரம் இல்லை. பட்டியல் போட்டுப் பேச ஒரு மணி, சாமான் வாங்க ஒன்றரை, போக வர ஒன்று, துணி துவைக்க, கத்தி தீட்ட அரை. ஒன்பது மணி நேரம் வருது. ஐந்துக்கு மட்டும் கூலி கேட்டா நாலு மணி நேரம் சும்மா உழைச்ச கணக்கு.

மளிகைச் செலவு தனி. ரசீதோட அப்படியே வசூல், முன்பணம் வாங்கிட்டுத்தான் கடைக்குப் போகணும். உப்பு, எண்ணெய், மிளகு மாதிரி கொஞ்சம் கொஞ்சமா செலவாகிறதுக்கு நாளுக்கு ஒரு நிலையான சின்னத் தொகை வைங்க. டப்பா ரெண்டு செட் வேணும், ஒண்ணு அவங்க பிரிட்ஜில், ஒண்ணு உங்க கையில்.

48 மணி நேரத்துக்குள்ள ரத்து பண்ணினா பாதிக் கூலி உண்டுன்னு முதல் நாளே எழுதி வாங்கிடுங்க. பொறுப்புக் காப்பீடும் எடுத்துடுங்க. உங்க வீட்டிலேயே சமைச்சுக் கொண்டுபோய்க் கொடுக்கிறது பல இடங்களில் வேற உரிமத்துக்குக் கீழே வரும், அதைத் தெரிஞ்சுக்காம ஒத்துக்காதீங்க.

இன்னொண்ணு. உள்ளே போனதும் கிச்சனைப் போனில் ஒரு படம் எடுத்துக்கோங்க, கிளம்பும்போது எல்லாம் அதே இடத்தில் இருக்கணும். வேறெதையும் படம் எடுக்காதீங்க, அது அவங்க வீடு. மேடை மார்பிளா இருந்தா எலுமிச்சை, வினிகர், தக்காளி பட்டா மங்கின கறை விழும், கழுவினாலும் போகாது. காய் நறுக்குற போர்டுக்கு அடியில் தட்டு போடுங்க. சூடான பாத்திரத்தை எந்தக் கல் மேலயும் நேரா இறக்காதீங்க. இண்டக்ஷன் அடுப்புன்னா காந்தம் ஒட்டுற பாத்திரம் மட்டும்தான் வேலை செய்யும், காந்தம் ஒண்ணு பையில் இருக்கட்டும்.

புதுக்கரண்டி:
எல்லோருக்கும் நன்றி. மீனையும் பாஸ்தாவையும் அவர்களே சுட்டுக்கொள்ளும்படி மாற்றிச் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள். குழம்போடு சோறும் வேண்டுமாம். அதையும் அன்றே வடித்து வைக்கலாமா, அல்லது அவர்களே வடித்துக்கொள்ளச் சொல்லலாமா?

வெப்பமானி:
அவர்களே வடித்துக்கொண்டால் நல்லது. நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றால் மற்ற எல்லாவற்றையும்விட இதில் கூடுதல் கவனம் தேவை. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

நான்கு பேருக்கு 300 கிராம் அரிசி போதும். வடித்த உடனே பெரிய தட்டில் 2 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் குளிருக்குப் போய்விட வேண்டும். நான்காம் நாளுக்கு என்பதால் பைகளில் தட்டையாக அழுத்தி ஃப்ரீசரில் வையுங்கள். இளக வைக்கத் தேவையில்லை. ஒரு கப் சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, ஆவி பறக்கும்வரை நேராகவே சூடாக்கச் சொல்லுங்கள். மிஞ்சினால் மறுபடி பிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்றும் அதே லேபிளில் எழுதுங்கள்.

அடுப்படி:
நேரக்கணக்கில் சோற்றை ரெண்டே கால் மணிக்குப் போடுங்க, ஓவன் அணைஞ்ச கையோட. கோழி எடுத்த தட்டைக் கழுவிட்டு அதிலேயே பரப்பிடலாம், இன்னொரு தட்டு தேட வேண்டாம்.

கடலைமாவு:
அந்தத் தட்டைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு அதன் பிறகு. பச்சைக் கோழியை அடுக்கிய தட்டும் அதுவேதான்.