1994 பேஸ்பால்: ஆடாத ஆட்டங்களைக் கணக்குப் போடும்போது எங்கே சறுக்குகிறது?

ஸ்கோர்புக்:
அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 1994 ஆகஸ்ட் 11 இரவோடு ஆட்டம் நின்றது, மறுநாள் வீரர்களின் வேலைநிறுத்தம். செப்டம்பர் 14-இல் லீக்கின் தற்காலிகத் தலைவர் பட் செலிக் மீதி சீசனையும் உலகத் தொடரையும் ரத்து செய்தார். அந்த ஆட்டங்களும் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கைத் தொடங்கும் முன் ஒவ்வொரு அணிக்கும் எத்தனை ஆட்டம் பாக்கி என்று எழுதி வையுங்கள். எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருக்கவில்லை: பாட்ரெஸ் 117, ஜயன்ட்ஸ் 115, எக்ஸ்போஸ் 114, மரினர்ஸ் 112. முழு சீசன் 162. சிலர் 1994-க்கு 144 என்று போட்டுவிடுகிறார்கள். அது வேலைநிறுத்தத்தால் தாமதமாகத் தொடங்கிய 1995-இன் கணக்கு.

அதிகம் சறுக்குவது ஜயன்ட்ஸின் மேட் வில்லியம்ஸ் விஷயத்தில்தான். 43 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது). 115-ஆல் வகுத்து 162-ஆல் பெருக்கினால் 60.6. உடனே ஒரு சீசனுக்கான அன்றைய சாதனையான ரோஜர் மாரிஸின் 61-ஐத் தொட்டுவிட்டதாக எழுதிவிடுவார்கள். பாக்கி இருந்த 47 ஆட்டத்தில் அதை உடைக்க அவருக்கு 19 தேவை. 1993-இல் 145 ஆட்டத்தில் 38 அடித்தவர். அந்த வேகத்தில் 12-தான் வரும், 1994 வேகத்தில் 17 அல்லது 18. நடுவில் 15 என்று வைத்து பாய்சான் அட்டவணையை (சராசரியை வைத்து எத்தனை வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வது) பாருங்கள்: 19-ஓ அதற்கு மேலோ வர வாய்ப்பு 18 சதவீதம். வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பேப்பரில் மாரிஸைத் தாண்டுவது போல அவ்வளவு சுலபமும் இல்லை.

இடதுகை:
பாட்ரெஸின் டோனி க்வின் பற்றிப் பேசும் எல்லாரும் ".400 சராசரிக்கு மூணே ஹிட் குறைவு" என்பார்கள். 419 அட்-பேட் (கணக்கில் வரும் பேட்டிங் வாய்ப்பு), 165 ஹிட் (அடித்து பேஸை அடைந்தது), ஒன்றை மற்றதால் வகுத்தால் சராசரி .394. 168 இருந்தால் .401, அது சரிதான். ஆனால் ஏற்கெனவே அவுட் ஆன மூன்று அட்-பேட் ஹிட்டாக மாறினால் மட்டுமே அந்தக் கணக்கு. அடுத்த ஆட்டத்தில் புதிதாக அடிப்பதாக இருந்தால் நாலுக்கு நாலு வேண்டும்: 169/423, அதாவது .3995, அச்சில் .400. (1941-இல் கடைசி நாள் காலையில் டெட் வில்லியம்ஸும் 179/448, .39955-இல் இருந்தார். உட்காராமல் இரண்டு ஆட்டமும் ஆடி, எட்டுக்கு ஆறு அடித்து .406-இல் முடித்தார்.)

சரியான கேள்வி வேறு. பாட்ரெஸுக்கு 45 ஆட்டம் பாக்கி. க்வின் சுமார் 160 அட்-பேட் பெற்றிருப்பார் என்று வைத்தால் 67 ஹிட் தேவை. அது .419. ஏழு வாரம் .419 அடிப்பது க்வின்னுக்கே பெரிய வேலை.

புல்பென்:
ஹூஸ்டன் அணியின் ஜெஃப் பாக்வெல்லை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 39 ஹோம் ரன்னை 162-க்கு நீட்டினால் 55 வரும், பார்க்க அழகு. ஆனால் நிறுத்தத்துக்கு இரண்டு நாள் முன் பந்து பட்டு இடது கை எலும்பு முறிந்தது. நிறுத்தம் வராவிட்டாலும் பெரும்பகுதி வெளியேதான். காயப் பட்டியலைப் பார்க்காமல் பெருக்கினால் இப்படித்தான் ஆகும்.

பிரேவ்ஸின் பந்துவீச்சாளர் மேடக்ஸுக்கும் ஒரு வரி: 202 இன்னிங்ஸ், ERA என்கிற ஈட்டிய ரன் சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 1.56. மேலும் 80 இன்னிங்ஸை 1993-இன் 2.36 அளவில் வீசியதாக வைத்தாலும் முடிவில் 1.79. இது ஒன்றுதான் எப்படிக் கணக்குப் போட்டாலும் பெரிதாகக் கலையாதது.

ஸ்கோர்புக்:
@புல்பென் ஆங்கில எழுத்து எதற்கு, ஈட்டிய ரன் சராசரி என்றே புரிகிறதே. பாக்வெல் பற்றிச் சொன்னது சரி.

மேப்பிள்மட்டை:
இனி மான்ட்ரியால் அணியான எக்ஸ்போஸ். 74-40, பேஸ்பாலிலேயே முதலிடம், பிரேவ்ஸை விட 6 ஆட்டம் முன்னே. வெற்றி விகிதத்தை அப்படியே நீட்டாமல் ரன் வித்தியாசத்தில் போடுங்கள்: எடுத்தது 585, கொடுத்தது 454. இரண்டையும் வர்க்கமாக்கி, எடுத்ததன் வர்க்கத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் .624. பாக்கி 48-இல் 30 வெற்றி, மொத்தம் 104. கொஞ்சம் தளர்ந்து 26-22 ஆடினாலும் 100-62. பிரேவ்ஸ் சமன் செய்ய 32-16 ஆட வேண்டும்.

ஆனால் டிவிஷனை ஜெயிப்பது வேறு, கோப்பை வேறு. அந்த ஆண்டுதான் ஒவ்வொரு லீக்கிலும் மூன்று டிவிஷன், வைல்டு கார்டு (டிவிஷனில் முதலிடம் பெறாத சிறந்த அணிக்கும் ஓர் இடம்) எல்லாம் புதிதாக வந்தன. பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான சுற்றுகளில், முதல் சுற்றை ஜெயிக்க ஐந்தில் மூன்று, அடுத்த இரண்டு சுற்றும் ஏழில் நான்கு. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 55 சதவீத வாய்ப்பு என்று தாராளமாகக் கொடுத்தாலும் .593 × .608 × .608, அதாவது 22 சதவீதம். "மான்ட்ரியால் கோப்பை பறிபோனது" என்பவர்கள் மீதி 78-ஐ மறந்துவிடுகிறார்கள்.

இடதுகை:
அதே புது முறையில்தான் 52-62-இல் இருந்த ரேஞ்சர்ஸ் தங்கள் டிவிஷனில் முதலிடம்! தோல்வி அதிகமுள்ள அணி பிளேஆஃபுக்குப் போயிருக்கும். 49-63 மரினர்ஸ் இரண்டே ஆட்டம் பின்னே. இந்த டிவிஷனுக்குக் கணக்குப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், காசு சுண்டிப் பாருங்கள்.

மேப்பிள்மட்டை:
கடைசியாக ஒன்று. கணக்கைச் சரிபார்க்க எக்ஸ்போஸின் 1995 முடிவை (66-78) எடுக்காதீர்கள், அது வேறு அணி. அந்த ஏப்ரலில் ஹில், வெட்லேண்ட், கிரிசம் மூவரையும் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள், லாரி வாக்கரும் கொலராடோ போய்விட்டார். கிரிசம் போனது பிரேவ்ஸுக்கு. அக்டோபரில் அவர்கள் உலகத் தொடரை வென்றபோது கடைசி அவுட்டுக்கான கேட்சைப் பிடித்தவர் அவர்தான்.