நிலைப்பு உதவி அமைப்பு ஸ்டிக்கின் கனத்தைக் கூட்டுமா?

கொழிஞ்சாம்பாறை மாணவர்:
கோவையில் விமானப் பொறியியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். ஊரில் அறுவடை முடிந்த வயலில் என் ரேடியோ விமானத்தின் சுக்கானுக்கு ஜைரோ (விமானம் சுழல்வதை அறிந்து அதை எதிர்க்கச் சுக்கானை அசைக்கும் கருவி, ஒருவகை நிலைப்பு உதவி அமைப்பு) பொருத்திப் பறக்கவிட்டேன். பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக் காற்றிலும் வால் அலையாமல் சென்றது. ஆனால் திருப்புவதற்கு முன்பைவிட அதிகமாக ஸ்டிக்கைத் தள்ள வேண்டியிருந்தது. ரிமோட்டில் உள்ள ஸ்பிரிங் மாறவில்லையே, இது எப்படி?

வேலந்தாவளத்துக்காரர்:
தம்பி, ஜைரோ அறிவது சுழலும் வேகத்தை மட்டுமே; சுழற்றியது காற்றா நீங்களா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே நீங்கள் விரும்பித் தொடங்கிய திருப்பத்தையும் அது எதிர்க்கிறது. பெரிய விமானத்தில் மூக்கு மேலும் கீழும் ஆடுவதை அடக்கும் பிட்ச் டேம்பரும், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், இதையே செய்யும்: அதே ஒரு ஜி (புவியீர்ப்புக்குச் சமமான) முடுக்கத்தைப் பெற விமானி ஸ்டிக்கை இன்னும் இழுக்க நேர்வதால், ஸ்பிரிங் அதேதான் என்றாலும் ஒரு ஜி-க்கான கைவிசை உயர்ந்துவிடுகிறது. மூக்கு இடவலமாக ஆடுவதை அடக்கும் யா டேம்பரில் இதற்காகவே வாஷ் அவுட் என்னும் வடிகட்டி உண்டு. சீராக நீடிக்கும் திருப்பத்தை அது மெல்ல மறந்துவிட்டு, இடமும் வலமுமாக மாறி மாறி வரும் டச்சு ரோல் ஆட்டத்தை மட்டும் அடக்குகிறது. உங்கள் ஜைரோவில் கெயினை, அதாவது எதிர்ப்பின் வலுவை, சற்றுக் குறைத்துப் பாருங்கள்.

செங்கோட்டை வாசகர்:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கம்பிவடம் நேரே இழுக்கும் சிறு விமானத்தில், வேகம் இருமடங்கானால் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை) அதே கோணத்துக்குத் திருப்ப ஏறத்தாழ நான்கு மடங்கு விசை வேண்டும். முழுக்க ஹைட்ராலிக்கால் இயங்கும் விமானத்தில் காற்றின் அழுத்தம் கைக்குத் திரும்பி வருவதே இல்லை. ஸ்பிரிங்கும் வேகத்துக்கேற்ப இறுகும் ஃபீல் யூனிட்டுமே அந்தக் கனத்தைச் செயற்கையாகத் தருகின்றன. யா டேம்பர் தொடர் இணைப்பில் இருந்தால், அது சுக்கானை அசைக்கும்போதும் விமானியின் கால் பெடல் அசையாது. இணை இணைப்பில் பெடலும் சேர்ந்து அசையும்.

கைவிசையைச் சிறு விஷயமாக எண்ணாதீர்கள். போயிங் 737 மேக்ஸில் மூக்கு மிக உயரும்போது விமானி இழுக்க வேண்டிய கைவிசை தளர்ந்துவிடாமல் காக்கவே எம்காஸ் என்னும் தானியங்கி மென்பொருள் சேர்க்கப்பட்டது. ஒரே சென்சாரின் பிழையான அளவை நம்பி அது மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. 2018, 2019 ஆகிய ஆண்டுகளின் இரு விபத்துகளில் 346 பேர் மாண்டனர்.

கொழிஞ்சாம்பாறை மாணவர்:
நன்றி ஐயா. கெயினைப் பாதியாக்கினேன், திருப்பம் இலகுவாகிவிட்டது. முழு கெயினில் வேகமெடுத்தபோது சுக்கான் படபடவென்று நடுங்கியதும் இப்போது நின்றுவிட்டது. வேகம் கூடினால் கெயின் தானாகக் குறையும்படி அமைப்பது எவ்வாறு என்று அடுத்துக் கேட்க விரும்புகிறேன்.