ஹிட் என்று காட்டிய சேர்மம் உண்மையில் ஹிட்தானா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தொடங்கியவர்:
நொதியொன்றைத் தடுக்கும் சிறுமூலக்கூறுகளைத் தேடும் குழுவில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். பெரிய சேர்மத் தொகுப்பொன்றை 384 குழித் தட்டுகளில் சோதித்து முடித்துவிட்டோம். எதிர்பார்த்தபடியே ஒரு சதவீதத்துக்கும் குறைவான சேர்மங்களே செயல் காட்டின; இவற்றைத்தான் ஹிட் என்கிறோம். இவற்றில் எவற்றை நம்பி வேதியியல் குழுவிடம் ஒப்படைப்பது என்பதில்தான் குழப்பம். இந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள் தாங்கள் கண்டதை எழுதினால் உதவியாக இருக்கும்.

சோதனை வடிவமைப்பில் பணிபுரியும் உறுப்பினர்:
எங்கள் தேடல் ஒன்றில் பட்டியலின் உச்சியில் நின்ற சேர்மங்கள் ஒன்றுக்கொன்று வடிவத்தில் தொடர்பே இல்லாதவை என்பதுதான் முதலில் என் ஐயத்தைக் கிளப்பியது. செறிவைக் கூட்டக்கூட மெதுவாக உயர வேண்டிய தடுப்பு, ஓரிடத்தில் செங்குத்தாக எழுந்தது. நொதியின் அளவைப் பல மடங்காக்கியபோது ஐசி50 மதிப்பும் (நொதியின் செயலைப் பாதியாகக் குறைக்கத் தேவையான செறிவு) கூடவே உயர்ந்தது. கலவையில் ட்ரைட்டன் எக்ஸ்-100 என்னும் டிடர்ஜென்டை 0.01 சதவீதம் சேர்த்துத் திரும்பச் சோதித்தோம். அவற்றில் பெரும்பாலானவை செயலிழந்தன. நீரில் சரியாகக் கரையாத சேர்மங்கள் கூழ்மத் துகள்களாகத் திரண்டு, நொதியைத் தம் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கின்றன. நொதியின் செயலிடத்தோடு அவற்றுக்கு எந்த உறவும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ஷோய்ஷெட்டின் ஆய்வகம் 2002ஆம் ஆண்டிலிருந்தே இதை விரிவாக எழுதிவந்திருக்கிறது. ஆகவே டிடர்ஜென்ட் இல்லாத கலவையில் கிடைத்த எண்ணை நான் எண்ணாகவே மதிப்பதில்லை.

ஒளியை அளந்து முடிவு சொல்லும் சோதனைகளில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. செல்லுக்குள் மின்மினி லூசிஃபெரேஸ் என்னும் ஒளி உண்டாக்கும் நொதியை அடையாளமாக வைத்து, ஒளி கூடினால் மரபணு தூண்டப்பட்டது என்று கொள்கிறோம். ஆனால் லூசிஃபெரேஸையே தடுக்கும் சேர்மம் அந்த நொதியோடு பிணைந்து, அது சிதையாமல் காக்கக்கூடும். நொதி செல்லில் சேர்ந்துகொண்டே போக, ஒளியும் கூடுகிறது. தடுப்பான் தூண்டியாக வேடமிடும் விந்தை இது. மரபணு நோய்களுக்கு மருந்தாக முன்வைக்கப்பட்ட பிடிசி124 என்ற சேர்மம் முதலில் கவனம் பெற்ற சோதனை விளைவுக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று 2009இல் ஓர் ஆய்வுக் குழு காட்டியதும் பெரிய விவாதம் எழுந்தது. எங்களிடம் இப்போது ரெனில்லா என்னும் கடல் உயிரியின் லூசிஃபெரேஸைக் கொண்ட இணைச் சோதனையில் தேறாத எந்தச் சேர்மமும் அடுத்த கட்டத்துக்குப் போகாது. சோதனையின் தரத்தைக் காட்டும் இசட் பிரைம் மதிப்பு 0.5க்கு மேல் இருந்தால் தட்டில் நற்சமிக்ஞை கிடைத்திருக்கிறது என்றுதான் பொருள். அந்தச் சமிக்ஞை எதிலிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. புதிதாக வருபவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதை அடிக்கடி காண்கிறேன்.

மருந்து வேதியியலாளர்:
மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டிடர்ஜென்ட் சோதனையைத் தாண்டிவந்த ஒரு சேர்மத்தை வேறொரு வேதிவினை வழியில் புதிதாகத் தயாரித்தோம். அமைப்பு அதுவே, தூய்மையும் அதிகம், செயல் மட்டும் இல்லை. பழைய மாதிரியைத் தனிம ஆய்வுக்கு அனுப்பியபோது துத்தநாகம் இருப்பது தெரிந்தது; தடுத்தது அந்த உலோகம்தான். ரோஷ் மருந்து நிறுவன ஆய்வாளர்கள் 2013இல் இதே சிக்கலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஹிட்டைப் புதிதாகத் தொகுத்துச் சரிபார்க்காமல் அதன் ஒப்புமைகளைத் தயாரிக்கத் தொடங்குவதில்லை என்று அன்று முதல் வழக்கமாக்கிக்கொண்டோம். சேர்மங்களைக் கரைத்து வைக்கும் டிஎம்எஸ்ஓ கரைப்பானில் நெடுநாள் இருந்த மாதிரி நீரை உறிஞ்சியும், உறைந்து உருகியும், சிதைந்தும் வேறொன்றாகியிருக்கலாம் என்பதும் இதற்கு இன்னொரு காரணம்.

அதன்பிறகுதான் எங்கள் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. மைக்ரோமோலார் அளவில் செயல்படும் ஹிட்டை நானோமோலாருக்குக் கொண்டுவருவது பலர் நினைப்பதைவிட எளிது. கொழுப்பு விரும்பும் வளையங்களை ஒட்டிக்கொண்டே போனால் பிணைப்பு கூடிவிடும். ஆனால் கரைதிறன் சரிகிறது, கல்லீரல் நொதிகள் விரைவாகச் சிதைக்கின்றன, இதயத்தின் ஹெர்க் பொட்டாசியக் கால்வாயும் சேர்மத்தைப் பிடித்துக்கொள்கிறது (இது இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும்). எங்கள் தொடர் ஒன்றில், பென்சீன் வளையத்தில் ஆக்சிஜனேற்றம் நிகழ்ந்த இடத்தில் ஃப்ளூரினை வைத்தபோது அங்கே சிதைவு நின்றது; உடனே மூலக்கூறின் மறுமுனையில் வேறோர் இடம் சிதைவுக்கு ஆளாயிற்று. வெற்றிக் கதைகளில் இத்தகைய மாதங்களுக்கு இடமே இருப்பதில்லை.

இரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் உருவான விதத்தைப் புதியவர்களிடம் நான் எப்போதும் காட்டுவேன். அதன் தொடக்கம் பினைல்அமினோபிரிமிடின் வகையைச் சேர்ந்த ஒரு ஹிட். அது புரோட்டீன் கைனேஸ் சி என்னும் வேறொரு நொதியைத் தடுத்தது. வளையத்தில் ஒரே ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்ததும் மூலக்கூறு திருகிக்கொண்டு, அந்தப் பழைய செயல் விலகியது, மருந்தின் இலக்கான ஏபிஎல் கைனேஸ் நொதி மீதான செயல் நிலைத்தது. பின்னர் மெத்தில்பிப்பரசின் வந்து கரைதிறனைக் கொடுத்தது. அமெரிக்காவில் 2001இல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. எத்தனை பெரிய மாற்றம் செய்தோம் என்பதைவிட எந்த இடத்தில் செய்தோம் என்பதே அங்கே முடிவு செய்தது.

தொடங்கியவர்:
மிக்க நன்றி. பல சோதனைகளில் பொய்யாக ஹிட் காட்டும் சேர்ம வகைகளின் பட்டியலான பெய்ன்ஸ் வடிகட்டியில் சிக்கும் சேர்மங்களை அப்படியே நீக்கிவிடலாமா?

சோதனை வடிவமைப்பில் பணிபுரியும் உறுப்பினர்:
நான் நீக்கிவிடுவேன். பேயெல், ஹாலோவே என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 2010இல் அந்தப் பட்டியலை வெளியிட்டதற்குக் காரணமே, ஒரே வகைச் சேர்மங்கள் எந்த நோக்கத்துக்கு வைத்த சோதனையிலும் ஹிட்டாக வந்துகொண்டிருந்ததுதான்.

மருந்து வேதியியலாளர்:
இதில் எனக்கு உடன்பாடில்லை. ரோடனைன் வளையம் அந்தப் பட்டியலில் முன்னிற்பது. ஆனால் ஜப்பானில் நரம்புப் பாதிப்புக்குப் பயன்படும் எபால்ரெஸ்டாட் அந்த வளையத்தைக் கொண்ட மருந்துதான். பெயரைப் பார்த்து ஒதுக்காமல், அதே சேர்மத்தை ஒளிர்வை நம்பாத மற்றொரு முறையில், எடுத்துக்காட்டாகப் பிணைப்பை நேரடியாக அளக்கும் மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வில், சோதித்துவிட்டு ஒதுக்கலாம். அதற்கான நேரம் இல்லையென்றால் நண்பர் சொல்வதே பாதுகாப்பானது.

நுண்ணுயிர் எதிர்மருந்துத் துறையிலிருந்து:
எங்கள் துறையில் மேற்சொன்ன தடைகளையெல்லாம் தாண்டிய சேர்மமும் பாக்டீரியாவுக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. கிளாக்ஸோஸ்மித்க்ளைன் மருந்து நிறுவனம் 1995 முதல் 2001 வரை தனித்தனி இலக்குகளை வைத்து 67 தேடல்களை நடத்தி, அவற்றிலிருந்து 5 லீடுகளை (மருந்தாக மேம்படுத்தத்தக்க சேர்மங்கள்) மட்டுமே பெற்றதாக 2007இல் வெளியிட்டது. தூய நொதியில் நானோமோலார், உயிருள்ள செல்லில் ஒன்றுமில்லை என்ற நிலையை நானும் கண்டிருக்கிறேன். காசநோய் மருந்தான பெடாகுயிலின் எதிர்த்திசையில் வந்தது. காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் செல்களையே கொண்டு தேடினார்கள். செல்லைக் கொல்லும் சேர்மம் முதலில் கிடைத்தது. அதை எதிர்த்துப் பிழைத்த திரிபுகளின் மரபணுவைப் படித்தபோதுதான் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியை உண்டாக்கும் ஏடிபி சிந்தேஸ் நொதியே அதன் இலக்கு என்று தெரிந்தது. 2005இல் ஆய்வு வெளியாகி, 2012இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. ஆகவே, தொடங்கியவரின் இலக்கு நுண்ணுயிர் நொதியாக இருந்தால், வேதியியலாளரிடம் பட்டியலைக் கொடுக்கும் முன்பே அந்தச் சேர்மங்களை உயிருள்ள செல்களிலும் ஒருமுறை சோதித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.