மேல்வீட்டுப் பையனுக்குத் தட்டம்மை: 8 மாசக் குழந்தைக்கு இப்பவே ஊசி போடலாமா?

கோமதி_தேனி:
மேல்வீட்டு 4 வயசுப் பையனுக்கு நேத்து (செவ்வாய்) காதுக்குப் பின்னாடி தடிப்பு ஆரம்பிச்சு முகமெல்லாம் இறங்கியிருக்கு. அதுக்கு முன்னாடி 3 நாளா காய்ச்சல், இருமல், கண் சிவப்பு. டாக்டர் தட்டம்மைன்னு சொல்லிட்டார். ஞாயிறு சாயங்காலம் எங்க ஹாலில்தான் விளையாடினான். பாப்பாவுக்கு 8 மாசம், 9 மாச ஊசி இன்னும் போடலை. இப்பவே போடலாமா? மாமியார் "அம்மா வந்திருக்கா, ஊசி கீசி வேண்டாம்"ங்கறாங்க.

குழந்தைநலம்:
போடலாம், ஆனா இன்னிக்கே. 6 மாசம் முடிஞ்ச குழந்தைக்கு, வைரஸ் பட்ட 72 மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டா நோய் வராமலே போகலாம், வந்தாலும் லேசா போகும். கணக்கைத் தடிப்பு வந்த நாள்லேர்ந்து எண்ணாதீங்க, பாப்பா அவனோட முதல்ல இருந்த நேரத்திலிருந்து எண்ணணும். தடிப்புக்கு 4 நாள் முன்னாடியே அவன் பரப்ப ஆரம்பிச்சிருப்பான், அதாவது வெள்ளியிலிருந்தே. ஞாயிறு மட்டும்தான் வந்தான்னா இன்னிக்குச் சாயங்காலம் வரை நேரம் இருக்கு. வெள்ளிக்கிழமையும் வந்திருந்தா ஊசிக்கான நேரம் போயிடுச்சு. அப்போ 6 நாளுக்குள்ள, அதாவது நாளைக்குள்ள, இம்யூனோகுளோபுலின் (ரெடியா இருக்கற எதிர்ப்பு சக்தி ஊசி) கொடுக்கலாமான்னு பெரிய ஆஸ்பத்திரிக் குழந்தை டாக்டர்தான் முடிவு பண்ணணும். ரெண்டையும் சேர்த்துப் போடறதில்லை. குளோபுலின் போட்டா தடுப்பூசியைக் குறைஞ்சது 6 மாசம் தள்ளணும்.

அந்தப் பையன் போன அறைக்குள்ளயும் 2 மணி நேரம் வரை காத்துல வைரஸ் இருக்கும். "தொட்டுக்கவே இல்லையே"ங்கறதெல்லாம் இதுல செல்லாது.

விஎச்என்_அக்கா:
புதன்கிழமை பி.ஹெச்.சி.யில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) ஊசி நாள்தான், கிளம்புங்க. 9 மாசம் ஆகலைன்னு திருப்பி அனுப்ப வாய்ப்பிருக்கு, அதனால நேரா டாக்டரைப் பார்த்து "வீட்டுல தட்டம்மைத் தொடர்பு"ன்னு சொல்லுங்க. 2022-ல மும்பையில பரவினப்போ 9 மாசத்துக்குக் கீழே நிறையப் பேருக்கு வந்த பகுதிகள்ல 6 மாசத்துலேர்ந்தே ஒரு கூடுதல் டோஸ் போடச் சொன்னாங்க, அதனால இது புதுசு இல்லை.

அங்க ஒண்ணு கவனிங்க. எம்.ஆர். ஊசி (தட்டம்மை, ரூபெல்லா ரெண்டுக்கும் சேர்த்துப் போடற தடுப்பூசி) தூளா வரும், அதோட வந்த திரவத்துல மட்டும்தான் கலக்கணும். கலந்த 4 மணி நேரத்துக்கு மேல வெச்ச குப்பியை எறிஞ்சிடணும், அதுல கிருமி வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். குப்பி மேல கலந்த நேரம் எழுதியிருக்கும், கேட்டுப் பார்க்கலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. 0.5 மி.லி., வலது மேல்கையில தோலுக்கு அடியில. ஸ்பிரிட் தடவினா காயவிட்டுத்தான் குத்தணும்.

குழந்தைநலம்:
மாமியாருக்கு: வேப்பிலை வைக்கட்டும், கும்பிடட்டும், தடையில்லை. பத்தியம்னு சாப்பாட்டைக் குறைக்கறதுதான் ஆபத்து. தட்டம்மையில உயிர் போறது பெரும்பாலும் நிமோனியாவாலயும் வயிற்றுப்போக்காலயும், அதுவும் சோர்ந்த, சத்துக் குறைஞ்ச பிள்ளைகள்தான் முதல்ல. பாப்பாவுக்குத் தாய்ப்பால் எப்பவும்போல.

மேல்வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லுங்க: அந்தப் பையனுக்கு வைட்டமின் ஏ 2 லட்சம் யூனிட், அடுத்தடுத்த 2 நாள், டாக்டர் கையால. அரசு மருந்துல அது 2 மி.லி.; கடை மருந்தோட செறிவு வேற, அளவு மாறும். கண்ணு போகாம காப்பாத்தறது இதுதான், ஆன்டிபயாட்டிக் இல்லை. அவன் தூங்கும்போது ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணச் சொல்லுங்க. 40-க்கு மேல போனாலோ, மார்பு உள்ளே இழுத்தாலோ ராத்திரியானாலும் ஆஸ்பத்திரி. பாப்பா வயசுக்கு அந்த எண் 50.

கோமதி_தேனி:
ஞாயிறு மட்டும்தான் வந்தான், விசாரிச்சுட்டேன். கிளம்பறோம். இன்னிக்குப் போட்டா 9 மாச ஊசி வேண்டாமா?

விஎச்என்_அக்கா:
வேணும். இது கணக்குல சேராது. தாய்கிட்டேர்ந்து வந்த எதிர்ப்பு சக்தி இந்த வயசுல மிச்சமிருந்தா ஊசி சரியா ஏறாது. 9 மாசத்துல போட்டாலே சுமார் 85 சதவீதம் பேருக்குத்தான் பிடிக்கும், அதுக்குத்தான் 16–24 மாசத்துல இன்னொண்ணு. இன்னிக்குப் போடறதுக்கும் அடுத்ததுக்கும் குறைஞ்சது 4 வாரம் இடைவெளி விட்டு, 9 மாசம் முடிஞ்சதும் போடுங்க. கார்டுல இன்னிக்குத் தேதியைத் தனியா எழுதி வாங்கிக்கங்க. 7-லிருந்து 12 நாளுக்குள்ள லேசாக் காய்ச்சல் வரலாம். ஊசியாலயா, நோயாலயான்னு அப்போ பிரிச்சுச் சொல்றது கஷ்டம், அதனால தடிப்பு தெரிஞ்சா காட்டிடுங்க. 21 நாள் வரைக்கும் மத்த வீட்டுக் கைக்குழந்தைங்க பக்கம் தூக்கிட்டுப் போகாதீங்க.